சம்பந்தியம்மாவும் காரில் ஒட்டிய கேமராவும்

உங்கள் குரலை நீங்களே, நடுரோட்டில், ஒரு கூட்டத்துக்கு மத்தியில் நின்று கேட்டிருக்கிறீர்களா?

நான் கேட்டேன். சமீபத்தில்தான். மேலநீலிதநல்லூர் தாண்டி, வெயிலில். குரல் என் வாயிலிருந்து வரவில்லை. என் கணவர் கையிலிருந்த போனிலிருந்து வந்தது. அது யாரைப் பற்றிப் பேசியதோ, அவர் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

கண்ணில் பிரஷர் என்று டாக்டர் சொன்ன பிறகு எங்கள் கார் என் கணவர் கையிலிருந்து என் கைக்கு வந்தது. ஐம்பது வயதுக்கு மேல் ஓட்டப் பழகியவள் நான். ஓட்டுவது நானே தவிர, நடத்துவது அவர்தான். இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்.

“ஏட்டி, ஆடு!”

“அந்த பஸ்காரன் கையக் காட்டமாட்டான், ஆனா திரும்புவான்... பாத்துக்கோ!”

மதுரையில் பல் டாக்டராக இருக்கும் எங்கள் மகள் கோமு ஒருமுறை பின் சீட்டில் உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்த்தாள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு கேமராவை வாங்கி வந்து முன் கண்ணாடியில் ஒட்டிவிட்டாள். ரோட்டைப் படம் பிடிக்கும். ஓட்டுகிறவருக்கு எச்சரிக்கையும் சொல்லும்.

“அப்பா, இனிமே நீங்க பேச வேண்டாம். இது பேசிக்கிடும்” என்றாள்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முப்பது வருஷமாக என்னை நடத்திய வேலையை ஒரு தீப்பெட்டி அளவு சாமான் பிடுங்கிக்கொண்டது.

அந்தத் தீப்பெட்டிக்குள் ஒரு பெண் இருக்கிறாள். இங்கிலீஷில்தான் பேசுவாள். முன்னால் போகும் வண்டியை நெருங்கினால் கத்துவாள். ரோட்டில் போட்ட கோட்டைத் தாண்டினால் கத்துவாள். நிற்கும்போது முன் வண்டி கிளம்பினால், அது கிளம்பிவிட்டது என்று ஞாபகப்படுத்துவாள்.

எல்லாம் நல்லதற்குத்தான். ஆனால் அவள் எந்த ஊரில் வளர்ந்தவளோ... எங்கள் சங்கரன்கோவிலை அவளால் தாங்க முடியவில்லை.

ரத வீதிக்குள் காரைத் திருப்பினால் வாயை மூடமாட்டாள். முன்னால் ஷேர் ஆட்டோ, அதற்கு முன்னால் வாழைத்தார் ஏற்றிய வண்டி, குறுக்கே சாவகாசமாக ஒரு மாடு. அவளுக்கு எல்லாமே விபத்துதான். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தை மட்டும் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பாள்.

கோட்டு விஷயம் இன்னும் மோசம். எங்கள் பக்கத்து ரோடுகளில் கோடு எங்கே இருக்கிறது? பாதி ரோட்டில் உளுந்து காயப்போட்டிருப்பார்கள். அந்த உளுந்தின் ஓரத்தைக் கோடு என்று நம்பிக்கொண்டு, நான் ஒதுங்கிப் போகிறபோதெல்லாம் “தாண்டுகிறாய், தாண்டுகிறாய்” என்று பதறுவாள். உளுந்துக்காரர் திட்டுவதா, இவள் கத்துவதா... நான் எதைக் கேட்க?

ரயில்வே கேட் திறக்கும்போது முன் வண்டி கிளம்பிவிட்டதைச் சொல்ல வாயெடுப்பாள். அதற்குள் பின்னால் இருக்கிற பஸ், வேன், டிராக்டர் எல்லாம் அதையே ஹாரனில் சொல்லி முடித்திருக்கும்.

என் கணவர் அவளோடு போட்டிக்கு நின்றார். “ஏட்டி, ஆடு!” என்று அவர் முந்திவிட்டால் அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம். அவள் முந்திவிட்டால் முகம் தொங்கிப்போகும்.

கோமு இன்னொன்றும் சொல்லியிருந்தாள். “வெளிய நடக்கத படம் எடுக்கும்மா. உள்ள பேசுறதயும் சேத்துப் பதிவு பண்ணும். ஞாபகம் வச்சுக்கோங்க.” சரி சரி என்றோம். ஞாபகம் வைத்துக்கொண்டோமா?

கோமுவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை வீடு புளியங்குடி. எலுமிச்சை கமிஷன் மண்டி வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா காலமான பிறகு அம்மாதான் மண்டியைத் தூக்கி நிறுத்தியவர். இப்போது மகனும் கூட நிற்கிறார். அவ்வப்போது பேப்பரில் எழுதுகிறவள் நான்; அந்த அம்மாவின் பெயரை மட்டும் எழுதக்கூடாது என்று எனக்கு உத்தரவு. எனவே, சம்பந்தியம்மா.

விடிந்தால் மண்டியில் ஏலம் விட்டுப் பழகிய குரல் அவருக்கு. நாம் ஒரு பேச்சைத் தொடங்கினால், அதை முடிப்பது அவராகத்தான் இருக்கும். நிச்சயதார்த்தம் முடிந்த நாளிலிருந்து நான் அவரிடம் முழுதாக ஒரு வாக்கியம் பேசியதில்லை.

அன்றைக்குத் திருநெல்வேலியில் ஒரு கல்யாண மண்டபம் பார்ப்பதாக ஏற்பாடு.

“நான் பஸ் ஏறி உங்க ஊருக்கு வந்துருதேன் மதினி. நீங்க எதுக்கு அலையணும்?” என்றார் போனில்.

சம்பந்தியம்மாவைப் பஸ்ஸில் வரச் சொல்வதா? மரியாதையா அது? நாங்களே காரை எடுத்துக்கொண்டு புளியங்குடிக்குக் கிளம்பினோம்.

கணவனும் மனைவியும் மட்டும் காரில் போகும்போது எதைப் பேசுவார்கள்? காரில் இல்லாதவர்களைப் பற்றித்தான். நாங்களும் பேசினோம். மனம் விட்டு. புளியங்குடி வரும்வரை.

சம்பந்தியம்மா வாசலிலேயே தயாராக நின்றார். கையில் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம். ஏறியதும் பேச ஆரம்பித்தார். சங்கரன்கோவில் வந்து சேர்ந்தபோது என் கணவர் சட்டைப் பையைத் தடவினார்.

“கண்ணாடிய வீட்டுல வச்சிட்டேன்.”

வீட்டு வாசலில் நிறுத்தினேன். இறங்கிப் போனவர் திரும்பவில்லை. உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வந்தது. “ஏட்டி, எங்க எடுத்து வச்ச?”

“நீங்க போய்ட்டு வாங்க மதினி. நான் உக்காந்திருக்கேன்” என்றார் சம்பந்தியம்மா. ஏ.சி. ஓடட்டும் என்று இன்ஜினை அணைக்காமல் இறங்கினேன்.

வீட்டைப் புரட்டியும் கண்ணாடி கிடைக்கவில்லை. நாங்கள் வெறுங்கையோடு வெளியே வந்தபோது சம்பந்தியம்மா போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சட்டென்று வைத்துவிட்டார்.

மேலநீலிதநல்லூர் தாண்டி கொஞ்ச தூரம் போயிருப்போம். கருவேலம் புதருக்குள்ளிருந்து ஒரு செம்மறி ஆடு பாய்ந்து ரோட்டுக்கு வந்தது. ஒரு ஆடு வந்தால் போதாதா? அதன் பின்னாலேயே மந்தை. பிரேக்கை அழுத்தினேன். கார் நின்றது. ஆடுகள் தப்பின.

பின்னால் டமார் என்று ஒரு சத்தம்.

இறங்கிப் பார்த்தால், எங்கள் பம்பரில் ஒரு பைக். பக்கத்தில் ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் ஏற்றி வந்த தவிட்டு மூட்டை கிழிந்து ரோடெல்லாம் தவிடு. நல்லவேளை, சிராய்ப்பு மட்டும்தான். எழுந்து நின்றார். எழுந்ததும் கத்த ஆரம்பித்தார்.

“நடுரோட்டுல காரணமே இல்லாம பிரேக் போட்டா, பின்னால வாறவன் என்ன செய்வான்? பொம்பளைங்க கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்!”

“ஆடு வந்துச்சுய்யா!”

“எந்த ஆடு? எங்கன இருக்கு ஆடு?”

மந்தை அதற்குள் மறுபக்கம் இறங்கிப் போயிருந்தது. டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். தவிட்டு வாசனைக்கு ரெண்டு ஆடு திரும்பி வந்து நக்க ஆரம்பித்தது. ஆட்டுக்காரர் ஓடி வந்து, “தவிட்டுக்குத்தான் இப்ப வருது. அதுக்கு முன்ன என் ஆடு ரோட்டப் பாக்கவே இல்ல” என்று அடித்துச் சொன்னார்.

கூட்டம் முழுக்க என்னைத்தான் பார்த்தது. “வயசான காலத்துல இவங்களுக்கு எதுக்கு இந்த வேல?” என்று யாரோ முணுமுணுத்தது தெளிவாகவே காதில் விழுந்தது. காருக்குள் இருந்து சம்பந்தியம்மாவும் இறங்கி வந்து நின்றார்.

அப்போதுதான் என் கணவர் ஒரு கையை உயர்த்தினார். “ஒரு நிமிஷம். எங்க வண்டில கேமரா இருக்கு!”

அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. அந்தக் கேமராவைப் பற்றி அதுவரை ஒரு நல்ல வார்த்தை சொல்லியிராத மனுஷன்! கோமு சொல்லிக் கொடுத்தபடி போனில் எதையோ தட்டினார். பதிவெல்லாம் துண்டு துண்டாக, பொடிப் பொடிப் படங்களாக வரும். நம் ஆள் கையில் கண்ணாடி இல்லை. குத்துமதிப்பாக ஒன்றை அமுக்கினார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தையும் முழுக்க வைத்தார்.

ரோடு தெரிந்தது. ஆடு இல்லை. அது புளியங்குடி ரோடு.

என் குரல் கேட்டது.

“...அந்தம்மா வாயத் தொறந்தா மண்டில ஏலம் விடுத மாதிரில்லா இருக்கு! நம்மள ஒரு வார்த்த பேச விடுதாங்களா?”

அடுத்து அவர் குரல். “ஏலத்துல நம்ம பொண்ணையும் சேத்து எடுத்துட்டாங்க, போ.”

“சிரிக்காதீங்க. கோமு படிச்ச படிப்புக்கு அங்கன போயி எலுமிச்சங்காய் தரம் பிரிச்சுக்கிட்டு உக்காரணுமா? எனக்கு நெனச்சாலே பயமா இருக்கு...”

நிறுத்தத் தெரியாமல் என் கணவர் திரையைக் குத்துகிறார், குத்துகிறார்... அது ஓடிக்கொண்டே இருக்கிறது. கூட்டத்துக்கு ஒரே சுவாரசியம். பைக்காரர்கூட முழங்காலை மறந்துவிட்டார்.

“இது எந்தம்மா?” என்று ஒருவர் கேட்டார்.

நான் சம்பந்தியம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தேன். தவிட்டைப் பார்த்தேன். ஆடு தின்பதைப் பார்த்தேன். கோமுவின் முகம் மனதில் வந்தது. கல்யாணம் நின்றுபோனால் அவளிடம் என்ன சொல்வேன்? கேமரா வாங்கிக் கொடுத்தது நீதானே என்றா?

“அண்ணாச்சி.” சம்பந்தியம்மாவின் குரல். “இது பழசு. அடுத்த வீடியோவப் போடுங்க.”

போனை அவரே வாங்கினார். விரலால் தள்ளி, சரியானதைத் தேடிப் போட்டார். ஆடு வந்தது. மந்தை வந்தது. கார் நின்றது. அந்த இங்கிலீஷ்காரி கத்தினாள். டமார் சத்தமும் கேட்டது. இன்னொரு தடவை போட்டார். உற்றுப் பார்த்தார்.

பிறகு தலையை நிமிர்த்தி, மண்டிக் குரலை எடுத்தார் பாருங்கள்!

“எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க. அந்த மிஷினு கத்துறதுக்கு முன்னாலயே எங்க மதினி பிரேக்க மிதிச்சிட்டாங்க. வே, நீரு இங்கன வாரும். இவங்களுக்கு முன்னால ஆடு. இவங்க நின்னாங்க. உமக்கு முன்னால காரு. நீரு ஏன் நிக்கல? ரோட்டப் பாத்துட்டு வந்தீரா, செல்லப் பாத்துட்டு வந்தீரா?”

பைக்காரர் சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆட்டுக்காரர் தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு நழுவினார். கூட்டம் டீக்கடைக்குத் திரும்பியது.

சம்பந்தியம்மா காரிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து அந்த மனுஷனின் முழங்காலைக் கழுவிவிட்டார். பையிலிருந்து நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கையில் திணித்தார். “சர்பத் போட்டுக் குடியும். வெயில்ல தலைக்கு ஏறிருக்கும்.”

எங்கள் பக்கம் திரும்பாமல் காரில் ஏறிக்கொண்டார்.

திருநெல்வேலி வரும்வரை காரில் யாருமே பேசவில்லை. அந்தக் கேமராப் பெண் மட்டும் அவ்வப்போது எதையாவது சொல்லிக்கொண்டு வந்தாள். மண்டபம் பார்த்தோம். “உங்களுக்குப் பிடிச்சாச் சரி மதினி” என்றார் சம்பந்தியம்மா. சாப்பாட்டு ஹாலைப் பார்த்தோம். “உங்களுக்குப் பிடிச்சாச் சரி.” எத்தனை பேச்சுப் பேசுகிறவர்! அவர் பேசாமல் இருந்தால் இவ்வளவு வலிக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

அவரைப் புளியங்குடியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். கண்ணாடி பிரிட்ஜின் மேல் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு என் கணவர், பைக் மோதிய பதிவைத் தனியாக எடுத்து வைக்கிறேன் என்று உட்கார்ந்தார். திடீரென்று கூப்பிட்டார்.

“ஏட்டி, இங்க வா. நம்ம வீட்டு கேட்டு தெரியுது பாரு. நம்ம கண்ணாடி தேடுன நேரம்...”

போனிலிருந்து சம்பந்தியம்மாவின் குரல் வந்தது. “யக்கா, நான் இப்ப அவங்க கார்லதான் இருக்கேன். இல்லல்ல, அவங்க உள்ள போயிருக்காங்க. சொல்லுதேன் கேளு...”

பாய்ந்துபோய் போனைப் பிடுங்கினேன். நிறுத்தினேன். அழித்தேன்.

“அடிப்பாவி! என்ன சொல்லிருப்பாங்கன்னு கேக்க வேண்டாமா?”

எனக்குப் பெரிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். பயம். அவ்வளவுதான். அதில் என் பிள்ளையைப் பற்றி ஒரு கசப்பான வார்த்தை இருந்துவிட்டால்? போனில் அழித்துவிடலாம். காதில் விழுந்ததை எப்படி அழிப்பது?

அதன்பின் புளியங்குடியிலிருந்து போன் வரவில்லை. தினமும் காலையில் மண்டி முடிந்ததும் கூப்பிடுகிறவர். நானே கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்கத் தயார் செய்து வைத்திருந்தேன்.

“மதினி, அன்னைக்கு நான் பேசுனது...”

“மதினி, ஒண்ணு கேக்கட்டுமா?” வழக்கம்போல என் வாக்கியத்தை முடிக்க விடவில்லை. அதிலேயே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. “உங்க வீட்டு வாசல்ல நான் தனியா உக்காந்திருந்தேம்லா... அப்பவும் அந்தக் கேமரா ஓடிச்சோ?”

“ஓடிச்சு.”

“கேட்டீங்களா?”

“யக்கான்னு கூப்பிட்டீங்க. மேல ரெண்டு வார்த்த. அவ்வளவுதான். அழிச்சிட்டேன்.”

“பொய்.”

“கோமதி அம்பாள் சத்தியமா.”

“அழிச்சிட்டீங்களா! அய்ய... இது தெரியாம நான் சோறு எறங்காமலா கெடக்கேன்? உங்க முகத்துல எப்படி முழிக்கன்னுதான் போனே போடல.”

நான் அவர் கோபத்துக்குப் பயந்துகொண்டிருக்கிறேன். அவர் என் கோபத்துக்குப் பயந்துகொண்டிருக்கிறார்!

“அழிச்சதுனால நானே சொல்லிருதேன்” என்றார். “எங்க அக்காகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? பொண்ணு டாக்டரு. அம்மா காரு ஓட்டுதாங்க, பேப்பர்ல எழுதுதாங்க. நம்ம வீட்டுக் கதையும் ஒருநா பேப்பர்ல வந்துரும்னு சொன்னேன். பத்தாவது பெயிலான நான் இவங்ககூட என்னத்தப் பேச? நிறுத்துனா அவங்க ஏதாவது கேட்ருவாங்கன்னு பயந்துதான் விடாம பேசிக்கிட்டே இருக்கேன் யக்கான்னு சொன்னேன்.”

அந்த ஏலக் குரலுக்குப் பின்னால் இப்படி ஒரு பயமா? ஒரு கூட்டத்தையே கலைத்துவிட்டவருக்கு, என்னிடம் பேசவா பயம்?

“மதினி, எம் பயம் உங்களுக்குத்தான் தெரியுமே” என்றேன். “அந்தக் கூட்டத்துக்கே தெரியும்.”

அவர் சிரித்துவிட்டார். “எலுமிச்சங்காய் தரம் பிரிக்கது லேசா? உங்க பொண்ணு ஆசப்பட்டாக்கூட உடனே கைய வைக்க விடமாட்டேன். கூடைய நாசமாக்கிருவா.” உடனே அடுத்ததற்குத் தாவினார். “மண்டிக்கு மேல மாடி சும்மாத்தான் கெடக்கு. அங்கன கிளினிக் போட்டுக் குடுக்கணும்னு எம் மகனும் நானும் பேசி வச்சிருக்கோம். வெள்ளையடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்.”

ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன். “புளியங்குடில பல்லுக்கு ஆள் வருமா மதினி?”

“நாள் பூரா எலுமிச்சம்பழத்தோட கெடக்க ஊரு இது. பல்லு கூசாதவன் எவன் இருக்கான்?”

முன்னால் ஆடு வந்தால் எச்சரிக்க மிஷின் வந்துவிட்டது. வாயில் ஒரு வார்த்தை வரும்போது எச்சரிக்க இன்னும் எதுவும் வரவில்லை. வந்தாலும் நான் வாங்கமாட்டேன் என்றே நினைக்கிறேன். அன்றைக்கு அந்த வார்த்தைகள் தப்பி வெளியே வந்திராவிட்டால், நாங்கள் ரெண்டு பேரும் ஆயுள் முழுக்க, “உங்களுக்குப் பிடிச்சாச் சரி மதினி” என்றே காலம் தள்ளியிருப்போம் இல்லையா?

இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். “எழுதுங்க. பேரு மட்டும் போடாதீங்க. நான் பேசுனத கொறச்சிராதீங்க” என்றார். குறைக்கவில்லை.

மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்க மறுபடி மூன்று பேரும் கிளம்பினோம். சம்பந்தியம்மா இந்தத் தடவை என் பக்கத்தில், முன் சீட்டில் ஏறிக்கொண்டார். என் கணவரைப் பின்னால் அனுப்பினோம். கொஞ்ச தூரத்திலேயே அவர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

“மதினி, கேமரா ஓடுதா?”

“படம் மட்டும் ஓடுது. சத்தத்த அணைச்சாச்சு.”

சம்பந்தியம்மா ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். குரலை இறக்கினார்.

“அப்ப சொல்லுங்க. அண்ணாச்சி வீட்டுலயும் இப்படித்தானா?”

தேவர்குளம் வரும்வரை சொன்னேன். பின் சீட்டில் குறட்டைச் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்ததை நாங்கள் ரெண்டு பேருமே கவனிக்கவில்லை!